குதிரையிடம் பேசியவர்கள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். குதிரைக்கு முதலில் புல் வைக்க நானாகவே எழுந்து போனேன் என்றுதான் என் நினைப்பு. என் மனைவி மனோரமா இல்லை என்கிறாள். அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் கத்திய பிறகுதான் நான் எழுந்தேனாம். அவள் கத்தியது எனக்கு நினைவில்லை. அப்போது படித்துக்கொண்டிருந்த புத்தகம் நினைவிருக்கிறது, எந்த இடத்தில் மூடி வைத்தேன் என்பதுகூட. ஆட்கள் பேசியது என்னிடம் அதிகம் தங்குவதில்லை. அவர்கள் பேசாமல் நின்ற நேரங்கள் தங்கிவிடுகின்றன. ஆகவே நான் எழுதும் பேச்சில் பிசகு இருக்கலாம். நடந்தது இதுதான்.

லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஏரியுமாகக் கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். குதிரை மனோரமாவின் அண்ணன் துளசிங்கத்துடையது. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு பார்க்க வரும் வெளியூர்க்காரர்களைக் கரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று சென்னையிலிருந்து ஓட்டி வந்திருந்தான். வெள்ளை என்றோ சாம்பல் என்றோ உறுதியாகச் சொல்ல முடியாத நிறம். பாதுஷா என்ற பெயர் வரும்போதே அதற்கு இருந்தது.

அந்த வருஷம் துளசிங்கத்தின் மேல் ஊர்க்கட்டு விழுந்தது. ஊர்த் தலைவர் ஜெகதீஸ்வரனின் ஃபைபர் படகு இவன் கடலில் விட்டிருந்த வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இந்த மாதிரி வழக்கை எங்கள் பக்கம் ஊர்க்கூட்டத்தில்தான் வைப்பார்கள். துளசிங்கம் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். ஊரைக் கேட்காமல் ஸ்டேஷன் படி ஏறுவது வலையை அறுப்பதைவிடப் பெரிய குற்றம். கங்கையம்மன் கோயில் எதிரே ஊர் முன்னால் ஒருமுறை விழுந்து எழுந்தால் போதும் என்றார்கள்.

"அறுத்தவன் சேர்ல குந்திக்குவான், வலை போனவன் தரையில வுழணுமா? போங்கடா" என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தான்.

அன்றிலிருந்து யாரும் அவனோடு பேசக் கூடாது. கடையில் சாமான் கிடையாது. எந்தப் படகிலும் இடம் கிடையாது. ஷேர் ஆட்டோ அவனைக் கண்டால் வேகமெடுக்கும். கூடப் பிறந்த மனோரமாவும் அவன் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் கடக்க வேண்டும்.

எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்பே பேசிக்கொள்வதில்லை. நான் கடலை விட்டுவிட்டு மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தவன். கையில் எப்போதும் நூலகப் புத்தகம் இருக்கும். என் கல்யாணப் பந்தியில் துளசிங்கம் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "எங்க நைனா மீன் புடிக்கிறவனுக்குத்தான் பொண்ணுன்னு சொல்லினு இருந்தாரு. பாத்தா, பொஸ்தகம் புடிக்கிறவன் வந்து இலையில குந்திக்கிறான்." பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். சிரிக்க வரவில்லை. அதன் பிறகு அவன் என்னைப் 'பொஸ்தகம்' என்றே குறிப்பிட்டான், நான் அவனை எதுவும் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஊர்க்கட்டு வந்தபோது ஊரே என் பக்கத்தில் வந்து நின்றதுபோல எனக்கு இருந்தது. அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

குதிரைதான் இளைத்தது. வைக்கோல் ஏற்றி வர வண்டி கிடையாது. மணல்மேட்டில் அங்கங்கே முளைத்த காய்ந்த புல்லையும் மிஞ்சிய சோற்றையும் துளசிங்கம் அதன் முன்னால் தரையில் கொட்டுவான். மார்கழியில் விலா எலும்புகள் எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தன. இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் புடைத்து, வால் முளைக்கும் இடத்தில் குழி விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த யாரோ போனில் படம் எடுத்து எங்கோ அனுப்ப, கால்நடை டாக்டர் ஜெபசெல்வி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

சிரிக்காத பெண்மணி. குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். கீழே கிடந்த சாணத்தில் ஒரு கைப்பிடி எடுத்து பக்கெட் தண்ணீரில் கரைத்தார். கொஞ்ச நேரம் விட்டு மேல் தண்ணீரைச் சாய்த்தபோது அடியில் மணல் தங்கியிருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"தரையில போடறதை மணலோட சேர்த்துத் தின்னுது. வயித்துல பாதி உங்க கடற்கரைதான் இருக்கு" என்றார். "தீனியைத் தரையில போடாதீங்க. நெஞ்சு உயரத்துல வலையில கட்டித் தொங்க விடுங்க. முக்கியமா புல்லும் வைக்கோலும். கொள்ளு, தவிடு எல்லாம் கொஞ்சம், அதுவும் ஊறவச்சு. ஒரே நேரத்துல நிறைய வைக்காதீங்க, பசியில கிடந்த வயிறு தாங்காது. நாளுக்கு நாள் கொஞ்சமா ஏத்துங்க. தண்ணி எப்பவும் இருக்கணும். புழுவுக்கு மருந்து தரேன்."

துளசிங்கம் தலையை ஆட்டினான்.

"பொங்கல் கழிச்சு வருவேன். டேப் வச்சு அளப்பேன். உடம்பு ஏறலைன்னா இதை இங்கேருந்து எடுத்துட்டுப் போக எழுதிடுவேன். அப்புறம் என்கிட்ட அழக் கூடாது."

அன்று மனோரமா சோறு போட்டுவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"குதிரையும் போச்சின்னா அவன் இங்க இருக்க மாட்டான். கடலும் இல்ல, சவாரியும் இல்ல, இன்னாத்துக்கு இருப்பான்? எங்க வூட்டுல மிச்சம் அவன் ஒருத்தன்தான்யா."

"அவன்கூடப் பேசக் கூடாது" என்றேன்.

"உன்ன எவன் பேசச் சொன்னான்? வாயத் தொறக்காம இருக்கறது உனக்கு இன்னா புதுசா? தெனம் காட்டூர் வழியாத்தானே வர? ஒரு கட்டு புல்லு வாங்கியாந்து போட்டா கை ஒடிஞ்சிடுமா?"

நான் நேரே போய்ப் புல் போடவில்லை. முதலில் தலைவரிடம் போனேன். ஜெகதீஸ்வரன் தன் படகின் நிழலில் வலை கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா மகன் லோகேஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஜெகதீஸ்வரன் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"குதிரை ஸ்டேஷனுக்குப் போச்சா?"

"இல்ல தலைவரே."

"ஊரப் பத்தி இன்ஸ்பெக்டர் கைல ஏதானா சொல்லிச்சா?"

லோகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்ப அதுக்குக் கட்டு இல்ல. போடு, துன்னட்டும். ஆனா அவங்கிட்ட ஒரு வார்த்த பேசினேன்னு வச்சிக்கோ, நீயும் அவன்கூடத்தான். வெளியாளு, டாக்டரு, அவங்க பேசட்டும். நீ பேசக் கூடாது. கை காட்றது, தலையாட்றது, எதுவும் கூடாது."

மறுநாளிலிருந்து காட்டூரில் வரப்புப் புல்லும் வைக்கோலும் வாங்கி பைக்கில் கட்டி வந்தேன். பழைய நூல் வலையில் ஒரு துண்டை வெட்டிப் பைபோல முடிந்து, துளசிங்கத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூவரச மரத்தில் தொங்கவிட்டேன். குதிரை என்னைப் பார்க்கவில்லை. வலைக் கண்ணுக்குள் உதட்டை நுழைத்து ஒவ்வொரு இழையாக இழுத்துத் தின்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. எந்தப் பதிலும் கேட்காத சத்தம்.

துளசிங்கம் பின்கட்டில் வந்து நின்றான். என்னைப் பார்க்காமல் குதிரையின் காதைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னான்.

"பாதுஷா, உன் நெலமையப் பாத்தியா? அலையப் பாத்தா வாந்தி எடுக்கிறவன் கையால துன்றே. இதுல இந்த முடிச்சு வேற. இத்த மீனு பாத்தா சிரிச்சே செத்துடும்."

நான் பேசாமல் போயிருக்க வேண்டும். குதிரையின் மறுபக்கம் நின்று, அதன் கழுத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பாதுஷா, சோத்த மண்ணுல கொட்டி உன்ன மணல் மூட்டையா ஆக்குனவன்தான் முடிச்சப் பத்திப் பேசறான்."

"பாதுஷா, இவன் வெக்கிற புல்லுல பாதி கோரை. பொஸ்தகத்துல புல்லு எதுன்னு போடல போலக்கீது."

"பாதுஷா, கோரைன்னா துப்பிடு. துப்புறியா? இல்லியே."

இப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் போனபோது என் முடிச்சுகள் எல்லாம் அவிழ்க்கப்பட்டு, வலை வேறு விதமாக இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. நான் அதை அவிழ்க்கவில்லை. அன்று அவன் குதிரையிடம் சொன்னான்: "பாதுஷா, காலையில ஊறவச்ச கொள்ளு ஒரு வாய் துன்னுட்ட. சாய்ந்தரம் எவனானா இன்னும் கொஞ்சம் நீட்டினா மூஞ்சத் திருப்பிக்க. வயிறு உன்னுது, அவனுது இல்ல." நான் கொண்டு வந்த தவிட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, புல்லை மட்டும் போட்டேன். இன்னொரு நாள் நான் சொன்னேன்: "பாதுஷா, தண்ணித் தொட்டியில பாசி. கழுவறதுக்குக்கூட ஊர்ல தடை போட்டாங்களான்னு கேளு." மறுநாள் தொட்டி கழுவியிருந்தது.

ஒரு நல்ல வார்த்தை எங்களிடையே வரவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவன் என்னை வெறுத்தான். நானும் அவனை வெறுத்துக்கொண்டுதான் பைக்கில் புல் கட்டினேன். ஆனாலும் ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ஒரு செய்தி இருந்தது. என்ன வைத்தாகிவிட்டது, எப்போது, எவ்வளவு, இனி என்ன மிச்சம். குதிரை அந்தத் திட்டுகளில்தான் தேறியது. விலாவின் மேல் தோல் மெல்ல மூடியது. முதுகில் கை வைத்தால் முள்போலக் குத்திய இடத்தில் சதை தட்டுப்பட்டது. மனோரமா வாசலில் நின்று அதைப் பார்ப்பாள். என்னிடம் எதுவும் சொல்ல மாட்டாள், ஆனால் குழம்பில் எனக்குப் பெரிய துண்டு விழுந்தது.

லோகேஷ் ஒருநாள் வேலி மறைவில் நின்று எங்கள் பேச்சைப் போனில் பதிவு செய்துவிட்டான். அடுத்த ஊர்க்கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டினார்கள். அவன் மறுபடி 'அலையப் பாத்தா வாந்தி' என்ற இடத்தில் ஊர் கைதட்டிச் சிரித்தது. ஜெகதீஸ்வரனும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இது இன்னாடா, குதிரையா, போனா? இந்தப் பக்கம் இவன் பேசறான், அந்தப் பக்கம் அவன் கேட்டுக்கறான். ஊர இன்னா கேனையன்னு நெனச்சீங்களா? இனிமே குதிரைகிட்டயும் பேசக் கூடாது."

"குதிரைக்குக் கட்டு இல்லன்னீங்களே தலைவரே" என்றேன்.

"குதிரைக்குத்தான் இல்ல. உனக்கு இருக்குது. புல்லப் போட்டியா, வந்தியா, அவ்ளோதான்."

அதற்குப் பிறகு பின்கட்டில் சத்தமே இல்லை. நான் போவதற்கு முன்பே அவன் உள்ளே போய்விடுவான். நான் விரும்பிக் கேட்கும் அமைதிதான் அது. ஆனால் கொள்ளும் தவிடும் வைக்கும் தொட்டி காலியாகக் கிடந்தால் வைத்ததைத் தின்றுவிட்டதா, வைக்கவே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. நானாக ஒன்றை ஊகித்து வைத்தேன். அவனும் ஒன்றை ஊகித்து வைத்திருப்பான். மீதிப் பொழுதெல்லாம் வெறுப்பு மட்டும் இருந்தது, அதில் செய்தி எதுவும் இல்லை.

டாக்டர் வருகிற நாள் நெருங்கியது. எங்கள் பக்கம் இறாலைக் கம்பெனி வண்டியில் எடை போடுவதற்கு முன்னால் ஐஸ் தண்ணீரில் ஊறப் போட்டு வைப்பார்கள். ஊறிய இறால் கொஞ்சம் கூடுதல் எடை காட்டும். எல்லா வீட்டிலும் செய்வதுதான், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நாளைக்கு அளக்கப் போகிற பொருளை இன்றைக்கு நிரப்பி வைக்க வேண்டும் என்பது எங்கள் கையில் ஊறிப்போன பழக்கம். கடலை விட்டுப் பல வருஷமாகியும் என் கையிலும் அது இருந்தது.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள் எனக்கு விடுமுறை. காலை வெயில் ஏறியதும் போனேன். தீனித் தொட்டி துடைத்ததுபோல இருந்தது. பட்டினியாகக் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டு, ஊறவைத்த கொள்ளையும் தவிட்டையும் வழக்கத்தைவிட நிறையப் பிசைந்து வைத்தேன். தின்றது. பிறகு தண்ணித் தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. நாளைக்கு டேப் இரண்டு விரற்கடையாவது ஏறும் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

மதியம் சாப்பாட்டில் இருக்கும்போது மனோரமா வாசலிலிருந்து கூப்பிட்டாள். குதிரை முன்னங்காலால் மணலைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி விழுந்து புரண்டது. உடம்பெல்லாம் வேர்வை. வயிறு ஊதியிருந்தது. துளசிங்கம் கயிற்றைப் பிடித்து எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் வேலியோரம் ஊர் கூடிவிட்டது. ஜெகதீஸ்வரனும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். யாரும் உள்ளே வரவில்லை.

நான் டாக்டருக்குப் போன் போட்டு, குதிரை வயிறு ஊதிப் புரள்வதைச் சொன்னேன்.

"என்ன தின்னுச்சு?"

"ஊறவச்ச கொள்ளு, தவுடு. கொஞ்சம் அதிகமாத்தான் வச்சிட்டேன் டாக்டரம்மா."

"அதுக்கு இவ்வளவு ஊதாது. வேற என்ன தின்னுச்சு? அவர் என்ன வச்சாரு? ஊறினதா, காய்ஞ்சதா? எப்ப? கேட்டுச் சொல்லுங்க. அது தெரிஞ்சாத்தான் நான் என்ன எடுத்துட்டு வரணும்னு தெரியும்."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. மனோரமா ரொம்ப நேரம் என்கிறாள். ஒரு மூச்சு விடும் நேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"மச்சான், நீ இன்னா வச்சே?" என்றேன்.

வேலியோரம் யாரோ உச்சுக் கொட்டினார்கள். துளசிங்கம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கல்யாணப் பந்திக்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். பதில் சொல்லவில்லை.

"காயா, ஊறினதா? சொல்லு மச்சான். டாக்டர் லைன்ல கீறாங்க."

அவன் ஜெகதீஸ்வரன் பக்கம் திரும்பினான். பிறகு என்னைப் பார்த்தான். உதட்டை மூடிக்கொண்டான். இத்தனை நாள் ஊர் அவனுக்குக் கொடுத்ததை அவன் எனக்குத் திருப்பிக் கொடுத்தான். குதிரை மறுபடி கீழே விழுந்தது. அவன் கையைக் கயிறு அறுத்தது. அப்போதும் சொல்லவில்லை.

மனோரமா வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். இன்னொன்றுக்குக் கையை ஓங்கினாள்.

"காய்ஞ்ச கொள்ளுடா பொஸ்தகம்" என்று கத்தினான் துளசிங்கம். "விடிஞ்சதும் வச்சேன். கூடை நெறைய. ஊற வெக்கல. காட்டூர் வரைக்கும் நடந்து போய்த் தலையில தூக்கியாந்தேன். நாளைக்கு அளக்கறாங்கன்னு வச்சேன். நீயும் வப்பேன்னு எனக்கு எவன் சொன்னான்?"

ஜெபசெல்வி வந்து சேர்கிற வரை நானும் அவனும் கயிற்றின் இரண்டு பக்கமும் பிடித்துக் குதிரையை நடத்திக்கொண்டே இருந்தோம். அவர் மூக்கு வழியாக ரப்பர் குழாயை வயிற்றுக்குள் இறக்கினார். புளித்த கஞ்சிபோல நிறைய வந்தது. எண்ணெய் விட்டார், ஊசி போட்டார். பொழுது சாய்வதற்குள் குதிரை சாணம் போட்டது. "பிழைச்சுக்கும். ஒரு வாரம் கழிச்சு அளக்கறேன்" என்றார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஊர் என்னைக் கூப்பிட்டது. போய்க் கோயில் முன்னால் விழுந்தேன். மூக்கில் மணல் ஒட்டியது, துடைத்துக்கொண்டு எழுந்தேன். "இதுதான் மரியாத தெரிஞ்சவன்" என்று ஜெகதீஸ்வரன் என் தோளைத் தட்டினார். துளசிங்கம் தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். காறித் துப்பிவிட்டு உள்ளே போனான்.

வீட்டில் மனோரமா, "வுழுந்தது தப்பில்ல. அவன் கட்ட அவுத்தாத்தான் வுழுவேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அதுக்கு மட்டும் வாய் வரல உனக்கு" என்றாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் டேப்பை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் போட்டு அளந்தார். நல்லபடி ஏறியிருந்தது. வேலியோரம் நின்ற ஊரைப் பார்த்துப் பேசினார்.

"உடம்பு தேறியிருக்கு. ஆனா தீனி வைக்கிற ரெண்டு பேரு பேசிக்கக் கூடாதுன்னா இது அடுத்த தடவை செத்துப்போகும். ஒண்ணு அவங்க பேசிக்கணும். இல்ல, குதிரை இங்க இருக்கக் கூடாது."

"டாக்டரம்மா, நீங்க மாட்டுக்கு ஊசி போடுங்க. ஊருக்குப் போடாதீங்க" என்றார் ஜெகதீஸ்வரன். "அவன் வந்து வுழட்டும். இப்பவே இந்த எடத்துலயே கட்ட அவுக்கறேன். நான் இன்னா வேணான்னா சொல்றேன்?"

எல்லோரும் துளசிங்கத்தைப் பார்த்தார்கள். மனோரமா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் வீட்டுக்குள் போய் ஒரு பையோடு வந்தான். கதவைச் சாத்தினான். குதிரையை அவிழ்த்தான். அதன் மேல் ஏறவில்லை. கூட்டம் தானாக விலகியது. ஏரிக்கரைப் பாதையில் அவன் முன்னால் போக, குதிரை பின்னால் போனது. மனோரமா "அண்ணா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். ஊர் அதைக் கேட்காததுபோல இருந்துகொண்டது. அவன் திரும்பவில்லை.

துளசிங்கம் இப்போது காட்டூரில் ஒரு விவசாயியின் நிலத்தில் கொட்டகை போட்டுக்கொண்டு அவருக்கு வேலை செய்கிறான். கடலுக்குப் போவதில்லை. பாதுஷா நன்றாகக் கொழுத்துவிட்டது, பொன்னேரிப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் நடக்கிறது. டாக்டர் ஜெபசெல்வி மாற்றலாகிப் போய்விட்டார். லோகேஷ் கடலை விட்டுவிட்டு மீஞ்சூரில் என் கம்பெனியிலேயே சேர்ந்திருக்கிறான். ஜெகதீஸ்வரன்தான் இன்னும் தலைவர், அறுந்த வலைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மனோரமா மாதத்துக்கு ஒருமுறை அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறாள், அங்கே என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்வதில்லை. நான் இப்போது காட்டூரைத் தொடாமல் வேறு வழியாக வேலைக்குப் போய்வருகிறேன்.